துணியும் எபாக்ஸியும்: மரப்படகிலும் கேம்பரிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிஷிகனில் பனி உருகியதும் கராஜ் கதவுகள் திறக்கும். யாராவது ஒருவர் உள்ளே பிளைவுட்டில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகோ, காருக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளே படுத்துத் தூங்கும் டியர்டிராப் கேம்பரோ கட்டிக்கொண்டிருப்பார். பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளை எபாக்ஸியால் (ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்ததும் கெட்டியாகும் பிசின்) நிரப்பி, மேலே ஃபைபர் கிளாஸ் துணி போர்த்துகிற முறை இங்கே பலருக்கும் கைப்பழக்கம். மரப்படகுக்கு எபாக்ஸியைப் பழக்கிய கூஜன் சகோதரர்களின் பட்டறையும் இதே மாநிலத்தில், பே சிட்டியில்தான் இருந்தது.

ஃபைபர் கிளாஸுக்கு அடியில் பூப்போட்ட பருத்தித் துணியை வைத்து ஒட்டுவது இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சரியாக அமைந்தால் வண்ணம் மரத்தோடு மரமாகிவிடும், கையால் தடவினால் விளிம்பே தெரியாது. மாதக்கணக்கில் உழைத்தவர்கள் கடைசி நாளில் அதைக் கெடுத்துக்கொள்வதைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை. நான் தொடங்கிய காலத்தில் செய்த அதே தவறுகளைத்தான் இப்போது புதிதாக வருகிறவர்களும் செய்கிறார்கள். கையுறை போடுங்கள், நன்றாகக் கலக்குங்கள் என்பதெல்லாம் டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

துணியின் வெள்ளையை நம்புவது

இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு எரிச்சல் தருவது இது ஒன்றுதான். ஒரு துண்டுப் பலகையும் ஒரு ராத்திரிப் பொறுமையும் இருந்தால் தவிர்த்துவிடலாம் என்பதால் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

அச்சிட்ட பருத்தித் துணியில் வெள்ளையாகத் தெரியும் இடம் பெரும்பாலும் சாயம் ஏறாத வெறும் துணி. நூலிழைகளுக்கு நடுவே இருக்கும் காற்று வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் அது வெள்ளையாக இருக்கிறது. எபாக்ஸி அந்தக் காற்றை விரட்டிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பருத்தி ஒளியை வளைக்கும் அளவும் எபாக்ஸி வளைக்கும் அளவும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே சிதற ஒன்றும் இல்லை, துணி கண்ணாடியாகிவிடும். வெள்ளை வேட்டி மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இங்கே அது காய்ந்து பழையபடி ஆகாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடியில் இருப்பது ஒக்குமே பிளைவுட். காபோன் நாட்டு மரம், இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு. பிசின் பட்டதும் அதுவும் இன்னும் கறுக்கும். அந்தப் பழுப்பு துணி வழியாக மேலே வரும். வெள்ளை தேன் நிறமாகும், மஞ்சள் சேறாகும், வெளிர்நீலம் என்ன நிறமென்றே சொல்ல முடியாது. சுங்குடிச் சேலையை ஒட்டினால் சாயம் ஏறாத அந்தப் புள்ளிகள்தான் முதலில் காணாமல் போகும்.

எனக்குத் தெரிந்த ஒரு இளைஞர் தன் கயாக்கின் மேல்தளத்தில் வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் செம்பருத்தி போட்ட ஹவாய்த் துணியை ஒட்டினார். வெட்டியது நேர்த்தி, விளிம்பு நேர்த்தி, ஒரு சுருக்கம் இல்லை. பிசினை ஊற்றி பிளாஸ்டிக் தகட்டால் இழுக்க இழுக்க, தகடு போன இடமெல்லாம் பூ மங்கிக்கொண்டே வந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்போதே துணியை உரித்தெடுத்திருக்கலாம், பிசின் இன்னும் தண்ணீராகத்தான் இருந்தது. "காய்ந்தால் வெளுத்துவிடும்" என்றார். மேலே ஃபைபர் கிளாஸும் போர்த்தினார். வெளுக்கவில்லை. அப்புறம் ஹீட் கன்னால் சூடுகாட்டிச் சுரண்டினார். துணியோடு பிளைவுட்டின் மேல்தோலும் கிழிந்து வந்தது. நான்கு மில்லிமீட்டர் பலகையில் மேல்தோல் எவ்வளவு இருக்கும்? கடைசியில் மேல்தளம் முழுக்கப் பச்சைப் பெயின்ட் அடித்துத்தான் அந்தக் கயாக் ஏரிக்குப் போனது. மரத்தின் அழகுக்காகவே ஒக்குமே வாங்கியவர் அவர்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. அவர் சோதித்துப் பார்க்காமல் இல்லை, பலகைமேல் துணியைப் போட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்த்திருந்தார். தண்ணீர்ச் சோதனை பொய் சொல்லும். ஒளியை வளைக்கும் அளவைச் சொல்லும் ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33. எபாக்ஸிக்கும் பருத்திக்கும் 1.5க்கு மேல். தண்ணீரில் பாதி தெரியும் மரம் எபாக்ஸியில் முழுசாகத் தெரியும். எந்தப் பலகையோ அதே பலகையின் துண்டு, அதே துணி, அதே பிசின், மேலே அதே கிளாஸ். காயவிட்டு மறுநாள் வெயிலில் கொண்டுபோய்ப் பாருங்கள். கராஜ் விளக்கில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பரிகாரம் எளிது. துணி உட்காரும் இடத்தில் மட்டும் வெள்ளை நிறமி கலந்த எபாக்ஸியைப் பூசி, காய்ந்ததும் கழுவி, உப்புத்தாள் போட்டுச் சமன் செய்யுங்கள். துணியின் விளிம்பிலிருந்து மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளி டேப் ஒட்டிக்கொண்டால் வெள்ளைக் கோடு வெளியே எட்டிப்பார்க்காது. சுவருக்கு அடிக்கும் பெயின்ட் வேண்டாம். எபாக்ஸி பெயின்ட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பெயின்ட் மரத்தைப் பிடித்திருக்கும் அளவுக்குத்தான் மேலே உள்ள மொத்த அடுக்கும் நிற்கும். இந்த வேலையே வேண்டாம் என்றால் பத்திக் துணி எடுங்கள். சாயம் இரண்டு பக்கமும் ஊறியிருக்கும், வெறும் வெள்ளை குறைவு. நெசவு நெருக்கமாக இருப்பதால் பிசின் மெதுவாகத்தான் இறங்கும், அவசரப்படக் கூடாது.

கறை ஒட்டாத துணி

சோபாத் துணி, வெளிப்புறக் குஷன் துணி. தண்ணீர் ஒட்டாத பூச்சு இருந்தால் பிசினும் ஒட்டாது. வேண்டாம்.

துவைக்காமல் ஒட்டுவது

புதுத் துணியில் கஞ்சி இருக்கும். துவையுங்கள், துணியை மிருதுவாக்கும் திரவம் சேர்க்காதீர்கள், இஸ்திரி போடுங்கள்.

பழைய பம்ப், புது ஹார்டனர்

நிறம் மாறாமல் தெளிவாக வர வேண்டும் என்று வெஸ்ட் சிஸ்டம் என்ற எபாக்ஸி பிராண்டின் 207 ஹார்டனரை வாங்குகிறார்கள். நல்ல முடிவு. ஆனால் வீட்டில் இருக்கும் அளவு பம்ப் அதே பிராண்டின் 205 ஹார்டனருக்கு உரியது. 105 பிசினோடு 205 சேர்ந்தால் ஐந்துக்கு ஒன்று, 207 சேர்ந்தால் மூன்றுக்கு ஒன்று. பழைய பம்பால் கலந்தால் காயாது. கேம்பரின் பக்கச்சுவர் அளவுக்குக் காயாத பிசினை வழித்தெடுப்பதைவிடப் புது பம்ப் மலிவு.

காலையில் தொடங்குவது

விடுமுறை நாள், விடிந்ததும் தொடங்கலாம் என்று தோன்றும். ஆனால் வெயில் ஏற ஏற மரம் சூடாகும், மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும். மேலே பாதி இறுகிய பிசின் இருந்தால் துணிக்கு அடியிலேயே கொப்புளமாக மாட்டிக்கொள்ளும். ஃபைபர் கிளாஸுக்கு அடியில் மட்டும் என்றால் ஊசியால் குத்தி ஏதாவது செய்யலாம். வண்ணத் துணியில் குத்திய இடம் தெரியும். முதல் நாளே வெறும் எபாக்ஸி ஒரு பூச்சு கொடுத்து மரத்தை அடைத்துவிடுங்கள். துணியை மாலையில், சூடு இறங்கும் நேரத்தில் ஒட்டுங்கள். அப்போது மரம் காற்றை உள்ளேதான் இழுக்கும்.

விளிம்பைத் தவறான நேரத்தில் வெட்டுவது

ஈரத்தில் வெட்டினால் நூல் பிரியும். முழுக்க இறுகிய பிறகு வெட்டினால் கத்தி வழுக்கி மரத்தில் கோடு விழும். இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம், பிசின் தோல் பதத்தில் இருக்கும். விரல் நகம் பதியும், பிசின் விரலில் ஒட்டாது. அந்த நேரத்தில் புது பிளேடு ஒன்றைப் போட்டு வெட்டினால் விளிம்பு வெண்ணெயாக வரும். இதற்காக அலாரம் வைத்து ராத்திரி எழுந்திருக்க வேண்டியிருந்தாலும் எழுந்திருங்கள்.

மெழுகுப் படலத்தை அசிட்டோனால் துடைப்பது

சில ஹார்டனர்கள் காயும்போது மேலே வழவழப்பாக ஒரு படலம் விடும். அது தண்ணீரில் கரைவது. தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போதும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் படலத்தை உள்ளே தேய்த்துவிடுவீர்கள்.

துணியின் மேலேயே தேய்ப்பது

நெசவு மறையும்வரை பிசின் பூசாமல் உப்புத்தாளை எடுக்காதீர்கள். மேடான இழையின் நுனி தேய்ந்தால் சாயமும் போய், வெளிர்ப்புள்ளிகள் நிரந்தரமாக நிற்கும்.

கேம்பர் கூரையில் கறுப்புத் துணி

கறுப்பும் கருநீலமும் வெயிலில் கொதிக்கும். வீட்டுச் சூட்டில் காய்ந்த எபாக்ஸி பொதுவாக 50 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே இளக ஆரம்பிக்கும். நாள் முழுக்க வெயிலில் நிறுத்திய கேம்பரின் கூரை அதைச் சுலபமாகத் தாண்டும், நெசவு மேலே புடைத்துத் தெரியத் தொடங்கும். அடர்நிறம்தான் வேண்டும் என்றால் உள்கூரையில் ஒட்டுங்கள். படுத்துக்கொண்டு பார்க்க அதுதான் நல்ல இடமும்.

வார்னிஷை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுவது

எபாக்ஸிக்கு வெயிலின் புற ஊதாக் கதிர் ஆகாது. பளபளப்பாக இருக்கிறதே என்று அப்படியே விட்டால் மஞ்சளித்து, சுண்ணாம்பு பூத்து, துணியின் சாயமும் வெளுக்கும். முழுதாகக் காய ஒரு வாரம் விடுங்கள். கழுவி, லேசாகத் தேய்த்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படகு வார்னிஷ் நான்கைந்து பூச்சு கொடுங்கள். வெளியே நிற்கும் வண்டி என்றால் வருஷா வருஷம் அதன்மேல் ஒரு புதுப் பூச்சு.