இருட்டு வழிக்கு ஒரு டோர்ச்: காசு பார்த்து வாங்குவது எப்படி

நான் இலங்கை மலைநாட்டில் தேயிலை ஸ்டோரில், அதாவது கொழுந்தைத் தேயிலையாக்கும் தொழிற்சாலையில், ரோலர் பக்கம் வேலை செய்கிறவன். பின்னேரம் வந்த கொழுந்து இராத்திரி முழுக்க வாடி, விடியும் முன்பே ரோலருக்கு இறங்கிவிடும். அதனால் எங்கள் வரிசை வீடுகளான லயமே தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். ரோட்டைச் சுற்றிப் போனால் தூரம். குறுக்கு வழியில் இறங்கினால் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, இரண்டு கான் (வடிகால்), ஒரு சின்ன ஓடை. காட்டுப்பன்றி, நாய்க்கூட்டம், சிறுத்தை எல்லாவற்றுக்கும் அதே பாதைதான். சம்பள நாளில் குடித்துவிட்டு வழியில் நிற்கிற மனிதர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் மச்சான் ஒருவன் அமெரிக்காவில் டெக்சாஸில் பெற்றோல் செட் ஒன்றில் இரவு வேலை பார்க்கிறான். 2021 செப்டெம்பரிலிருந்து அங்கே 21 வயதானவர், சட்டத்தில் வேறு தடை இல்லாவிட்டால், அனுமதிப்பத்திரம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடுப்புக்குள் மறைத்து வைத்துக்கொண்டு நடமாடலாம். குறைந்த காசில் ஒன்று வாங்கின கதையை அவன் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். கையில் இருக்கும் காசு முழுவதையும் பிஸ்டலுக்கே கொடுத்துவிடக் கூடாதாம். உறைக்கும், தோட்டாவுக்கும், சுட்டுப் பழகும் இடத்தில் கட்டுகிற காசுக்கும் ஒதுக்கி வைக்க வேண்டுமாம். ரொம்பச் சின்னதாக வாங்கினால் பைக்கு வசதி, ஆனால் சுடும்போது கையை உதறிவிடும், குறி போய்விடும். பெரிதாக வாங்கினால் இரண்டு வாரம் கட்டிக்கொண்டு திரிந்துவிட்டு, பாரம் தாங்காமல் அலுமாரியில் வைத்துவிடுவார்கள்.

இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் இன்னும் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். கவ்வாத்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறவர்கள் எங்கள் தோட்டத்திலும் உண்டு. மழை பெய்து வழுக்கும் சரிவில் கால் தவறினால் அந்தக் கத்தி முதலில் யாரைப் பதம் பார்க்கும் என்று யோசித்தாலே போதும், அதைப் பற்றி மேலே பேச வேண்டியதில்லை. ஆனால் மச்சான் சொன்ன கணக்கு மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. அதை அப்படியே டோர்ச்சுக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

முதலில் எவ்வளவு செலவழிப்பது என்று முடிவு செய்யுங்கள். என் கணக்கு மூன்று பேர் காசு, அதாவது மூன்று நாள் சம்பளம். அதில் பாதிதான் டோர்ச்சுக்கு. மிச்சம் நல்ல பெட்டரிக்கும் சார்ஜருக்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளவென்று பெரிய டோர்ச்சை வாங்கிவிட்டு, அதற்குள் கடைக்காரர் சும்மா கொடுத்த பெட்டரியையே போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

அடுத்தது, அது உங்கள் உடம்பில் எங்கே இருக்கப் போகிறது? கடைக்குப் போகும் முன்பே இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். காற்சட்டைப் பை என்றால் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம் சரியாக இருக்கும். நான்கு விரலால் பொத்திப் பிடித்தால் தலை மட்டும் வெளியே நீட்ட வேண்டும். சாரத்து மடியில் வைக்கிறவர்களுக்கு அதைவிடச் சின்னது நல்லது, பாரமானது மடியை இழுத்துக்கொண்டு போய்விடும். கிளிப் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் ஜக்கெட் பையிலோ பை வாரிலோ மாட்டிவிடலாம். என் மகள் ஹட்டனில் கடையொன்றில் வேலை செய்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் வந்து இறங்குகிறவள். அவளுக்கு வாங்கிக் கொடுத்தது ஒற்றை டபுள்-ஏ பெட்டரி போடுகிற சின்ன ஒன்று. அதைக் கைப்பையின் வெளிப்பக்கப் பையில்தான் வைக்க வேண்டும், பஸ்ஸை விட்டு இறங்கும் முன்பே கையில் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சாப்பாட்டுப் பெட்டிக்கும் குடைக்கும் அடியில் கிடக்கிற டோர்ச், வீட்டில் கிடக்கிற டோர்ச்தான்.

போனில் லைட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது காலடிக்குத்தான் போதும், தூரத்துக்கு அடிக்காது. பாதையில் ஏதாவது நடந்தால் முதலில் தேவைப்படுவதும் போன்தான். கையில் பிடித்துக்கொண்டு போய்க் கானுக்குள் விழுத்தினால் வெளிச்சமும் போச்சு, பேச்சும் போச்சு.

இனி வெளிச்சம். பெட்டியில் லூமன் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். டோர்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சத்தின் அளவு அது. மலிவு டோர்ச்சுகளின் பெட்டியில் இந்த எண்ணை நம்பவே வேண்டாம். விரல் நீளத்து டோர்ச்சில் 10,000, 20,000 என்று கூசாமல் அச்சடித்திருப்பார்கள். நல்ல கம்பனி சொல்லும் 1,000 லூமன்கூட ஒன்றிரண்டு நிமிஷத்தில் சூடேறித் தானாகக் குறைந்துவிடும். நம் பாதைக்கு 100 லூமன் விடாமல் எரிந்தால் தாராளம். அவசரத்துக்கு 300 இருந்தால் போதும். தூரம் பார்க்க வேண்டுமானால் கண்டெலா என்ற எண்ணைப் பாருங்கள், வெளிச்சம் ஒரு பக்கமாக எவ்வளவு குவிந்து அடிக்கிறது என்பதன் அளவு அது. 2,500 கண்டெலா என்றால் 100 மீட்டர், 10,000 என்றால் 200 மீட்டர் என்று பெட்டியில் போடுவார்கள். ஆனால் அந்தத் தூரத்தில் போய் விழுவது முழு நிலவு வெளிச்சம் அளவுதான். அங்கே நிற்பது பன்றியா பாறையா என்று பிரித்துப் பார்க்க, எழுதியிருக்கும் தூரத்தில் பாதிக்கும் கீழேயே கணக்கு வையுங்கள்.

பெரிய வெளிச்சத்தைவிடச் சின்ன வெளிச்சம்தான் எனக்கு முக்கியம். சுவிட்சைத் தட்டியதும் முதலில் மங்கலாக எரிகிற டோர்ச்சாகப் பார்த்து வாங்குங்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும், எடுத்த எடுப்பில் முழு வெளிச்சம் அடித்தால் பழகினதெல்லாம் ஒரு நொடியில் போய்விடும். லயத்தில் பிள்ளைகள் தூங்கும்போது செருப்பைத் தேடவும் மங்கல் வெளிச்சம்தான் நல்லது. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் விட்டு விட்டு மின்னும் விளையாட்டு வருகிற டோர்ச்சை வாங்காதீர்கள். அவசரத்தில் தட்டும்போது சரியாக அதுதான் வந்து நிற்கும்.

பனிமூட்டம் வேறு கதை. போகவந்தலாவைப் பக்கமோ நுவரெலியாப் பக்கமோ இரவில் நடந்தவர்களுக்குத் தெரியும், பனிக்குள் நெற்றி லைட் போட்டால் முகத்துக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பிவிடும். வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் பனியில் பட்டு அப்படியே கண்ணுக்குத் திரும்பி வருகிறது. டோர்ச்சைத் தொடைக்குப் பக்கத்தில் தாழ்த்திப் பிடித்து, வெளிச்சத்தைக் குறைத்து, பத்தடி முன்னால் தரையில் விழுத்துங்கள். பாதை தெரியும். தாழ்த்திப் பிடிப்பதில் இன்னொரு இலாபமும் இருக்கிறது. சாய்வாக விழும் வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் கம்பிக்கும் நிழல் விழும். பன்றிக்கு வைக்கிற கம்பிக் கண்ணி எங்கள் பக்கத்தில் சாதாரணம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படிப்பட்ட கண்ணியில் மாட்டித்தான் செத்தது. சிறுத்தையின் கழுத்தையே விடாத கம்பி நம் கணுக்காலையா விடும்? மேலே இருந்து நேராக அடித்தால் அது கண்ணிலேயே படாது.

நிறத்தையும் பாருங்கள். நீலம் கலந்த வெள்ளை பார்வைக்குப் பிரகாசமாகத் தெரியும், ஆனால் சருகும் விரியன் பாம்பும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். கொஞ்சம் மஞ்சள் சாய்ந்த வெளிச்சத்தில் மண்ணிறங்கள் பிரிந்து தெரியும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின், சுருக்கமாகக் கே, என்ற எண்ணால் சொல்வார்கள். பெட்டியில் 4,000 கே, 5,000 கே என்று இருந்தால் எடுங்கள். 6,500 கே என்று இருந்தால் வேறு கேளுங்கள்.

பெட்டரிக்கு வருவோம், காசு வீணாவது இங்கேதான். ஒற்றை டபுள்-ஏ பெட்டரி போடும் டோர்ச்சுக்கு ஒரு பெரிய நன்மை, தோட்டத்துக் கடையிலும் அது கிடைக்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது சார்ஜ் பண்ணுகிற டோர்ச் வைத்திருந்த வீடுகள் எல்லாம் மெழுகுதிரிக்குப் போய்விட்டன. எனலூப் கம்பனிப் பெட்டரி மாதிரி திரும்பத் திரும்பச் சார்ஜ் பண்ணும் டபுள்-ஏ நான்கு வாங்கினால் பல வருஷம் ஓடும். கரண்ட் இல்லாத நாளில் கடைப் பெட்டரியைப் போட்டுக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: அதே அளவில் 14500 என்று ஒரு லித்தியம் பெட்டரி இருக்கிறது. டபுள்-ஏயைவிட இரண்டு மடங்குக்கு மேல் வோல்ட். மணிக்கூட்டிலோ ரேடியோவிலோ தவறிப் போட்டால் சுட்டுவிடும்.

18650 என்பது கொஞ்சம் தடித்த லித்தியம் பெட்டரி, 18 மில்லிமீட்டர் அகலம், 65 மில்லிமீட்டர் நீளம். வெளிச்சமும் நேரமும் நிறையத் தரும். என் பையில் இருப்பது அதுதான். ஆனால் போலி மலிந்து கிடக்கிறது. எவ்வளவு கரண்ட் பிடிக்கும் என்பதை எம்ஏஎச் என்ற எண்ணால் போடுவார்கள். மேலே 9,900 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அது பொய், வேறு யோசனையே வேண்டாம். நல்ல கம்பனிப் பெட்டரியே பெரும்பாலும் 2,500இலிருந்து 3,500 வரைதான். நிறுத்துப் பார்த்தாலும் பிடித்துவிடலாம், அசல் 45 கிராம் சுற்றி இருக்கும். டவுனில் ஒரு டோர்ச்சோடு எனக்கு வந்த 9,900ஐ, தங்கம் நிறுக்கிற தராசில் வைக்கச் சொல்லி நகைக்கடைத் தம்பியிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே வைத்தான். முள்ளு வைத்த பழைய தராசு இல்லை, எண் ஓடுகிற தராசு. 31இல் வந்து நின்றது. உறையைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கும் என்று அவன் ஆவலாகத்தான் கேட்டான். லித்தியம் பெட்டரியைப் பிரிக்கக் கூடாது, நெருப்புப் பிடிக்கும் என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். உறை கிழிந்த பெட்டரியையும் பையில் சாவியோடும் சில்லறையோடும் வெறுமனே கிடக்கும் பெட்டரியையும் அதே மாதிரி பயந்து நடத்துங்கள்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். பின்பக்கச் சுவிட்சை இருபது தரமாவது தட்டுங்கள், ஒரு தரம் தவறினாலும் திருப்பிக் கொடுங்கள். எரியவிட்டு உள்ளங்கையில் தட்டுங்கள், மினுக்கினால் உள்ளே எங்கோ தொடுப்பு சரியில்லை. மூன்று சின்ன பெட்டரியை பிளாஸ்டிக் கூட்டில் அடுக்கும் வகையில் இந்தக் கோளாறு அதிகம். தலையை முன்னும் பின்னும் இழுத்து வெளிச்சத்தைக் குவிக்கும் டோர்ச் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் இழுபடுகிற இடைவெளியால் நம் மழை உள்ளே போகும். தண்ணீர் தாங்கும் அளவைப் பெட்டியில் ஐபிஎக்ஸ் என்று போடுவார்கள். ஐபிஎக்ஸ்7 என்றிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்க வேண்டும். ஐபிஎக்ஸ்4 வெறும் தெறிப்புக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் பெட்டரியைக் கழற்றிவிட்டு உள்ளே டிஷ்யூத் துண்டொன்றைச் சுருட்டி வைத்து மூடி, வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிடுங்கள். மரையில் இருக்கும் ரப்பர் வளையத்துக்கு வருஷத்தில் இரண்டு தரம் சிலிக்கன் கிறீஸ் ஒரு பொட்டு. பெயர் கேட்பவர்களுக்கு: 18650இல் கொன்வோய் எஸ்2 பிளஸ், டபுள்-ஏயில் சோஃபர்ன் எஸ்பி10. இரண்டுமே சீனத்துச் சரக்குதான், விலைக்குத் தரம் நல்லது. பெரும்பாலும் போனில் ஓடர் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

வாங்கியதைப் பழகுங்கள். இருட்டில், பார்க்காமல், கையுறையோடு, குடை பிடித்த மற்றக் கையோடு எடுத்துத் தட்ட வர வேண்டும். வழியில் ஒரு ஆள் மறித்து நின்றால் முழு வெளிச்சத்தை முகத்தில் அடித்து, சத்தமாகக் குரல் கொடுத்து, விலகி நடையைக் கட்டுங்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு 300 லூமன் சில நொடி ஒன்றுமே தெரியாமல் செய்யும், அந்த நொடி ஓடுவதற்கு. டோர்ச்சால் அடிக்கிற யோசனை வேண்டாம், கைக்கெட்டும் தூரத்துக்கு ஆளை வரவிடுவதே பிழை.

மிருகங்களுக்கு வேறு முறை. தேயிலைக்கு இடையில் இரண்டு கண் மினுங்கினால் நாயாகவும் இருக்கலாம், மாடாகவும் இருக்கலாம், சிறுத்தையாகவும் இருக்கலாம். நின்றுவிடுங்கள், முதுகு காட்டாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள், வெளிச்சத்தை அதன் மேலிருந்து எடுக்காதீர்கள். பன்றியிடம் இந்தக் கணக்கு பலிக்காது. நாய், மாடு, சிறுத்தைக்குக் கண்ணுக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கண்ணாடிப் படலம் பன்றிக்கு இல்லை, அதனால் அப்படி மினுங்காது. உறுமலும் மண் வாடையும்தான் அடையாளம். அது போய்விட வழி விட்டு ஒதுங்குங்கள்.

சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை பாதையில் லைட் இருக்கும், சின்னது ஒன்று போதும். சீசன் முடிந்த பிறகு போனால் நல்லதண்ணி தாண்டியதும் கும்மிருட்டு. ஏறும்போது தெரியாது, விடியுமுன் இறங்க நேர்ந்தால் படிகள் முழங்காலை வாங்கிவிடும். ஆளுக்கு ஒரு டோர்ச், குழுவுக்கு இரண்டு உபரிப் பெட்டரி.

பகலில் பைக்குள் தானாக எரிந்து சூடாகாமல் இருக்க, பின்மூடியைக் கால் திருகு தளர்த்தி வையுங்கள். அநேகமான நல்ல டோர்ச்சில் அத்தோடு கரண்ட் அறுந்துவிடும். பின்னேரம் விளக்கு வைக்கும்போது மறக்காமல் இறுக்கிவிட்டு ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள்.