குளத்தில் கோபுரம்: பிம்பப் படத்தில் கோட்டைவிடும் இடங்கள்

குளத்தில் கோபுரம் தெரியும் படம் சப்பென்று போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். மேலே கலசங்கள் முழுசாக இருக்கும். தண்ணீருக்குள் தலைகீழாகத் தெரியும் கலசங்கள் பிரேமுக்கு வெளியே போயிருக்கும். நுனி இல்லாத பிம்பம் பாதியில் நிறுத்திய பேச்சு மாதிரி. கண் கீழே இறங்கிப் போய், ஒன்றும் கிடைக்காமல் திரும்பிவிடும்.

அந்த நுனி எங்கே விழும் என்று தெரியாததுதான் சிக்கல். எதிர்க்கரை ஓரமாகத்தான் பிம்பம் இருக்கும் என்று நினைக்கிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கோபுரம் 100 அடி உயரம், நீங்கள் நிற்பது 400 அடி தள்ளி, கேமரா தண்ணீர் மட்டத்துக்கு 5 அடி மேலே. கேமரா உயரத்தைத் தூரத்தால் பெருக்கி, கோபுர உயரத்தோடு கேமரா உயரத்தையும் கூட்டி வந்த தொகையால் வகுக்க வேண்டும். விடை 19 அடி. அதாவது, கலசத்தின் பிம்பம் உங்களுக்கு 19 அடி முன்னால் உள்ள தண்ணீரில் தெரிகிறது. கிட்டத்தட்ட உங்கள் காலடியில்!

இது தெரிந்தால், "கேமராவைத் தண்ணீரோடு ஒட்டிவை" என்ற அறிவுரையை எப்போது கேட்பது, எப்போது விடுவது என்பதும் தெரியும். கேமராவை 1 அடி உயரத்துக்கு இறக்கினால் நுனி 4 அடி தூரத்துக்கு வந்துவிடும். கரையோரம் ஒதுங்கும் வாடிய மாலை, பாசி, பிளாஸ்டிக் உறை எல்லாம் மிதப்பது சரியாக அந்த நாலடிக்குள்தான். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு படி மேலே ஏறுங்கள். நுனி குப்பையைத் தாண்டிச் சுத்தமான தண்ணீருக்குப் போய்விடும். கோடையில் தண்ணீர் உள்வாங்கியிருக்கும்போதும் இதே கதைதான். நீர்விளிம்பிலிருந்து தள்ளித் தாழ்வாக உட்கார்ந்தால், நுனி விழவேண்டிய இடத்தில் காய்ந்த படிதான் இருக்கும்.

தாழ்வதிலும் லாபம் உண்டு. பிம்பம் என்பது மேலே தெரிவதன் நகல் அல்ல. கேமரா தண்ணீருக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ, அவ்வளவு கீழே இருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் காட்சி அது. அதனால் எதிர்க்கரை மதில், பிம்பத்தில் கோபுரத்தின் அடிப்பகுதியைக் கூடுதலாக மறைக்கும். கேமரா தாழத் தாழ மேலும் கீழும் ஒத்துவரும். தண்ணீர் சுத்தமாக இருந்தால் தயங்காமல் தாழுங்கள்.

நிமிர்த்துவதா, படுக்கவைப்பதா?

பழக்கத்தில் கேமராவைப் படுக்கவைத்தே எடுப்பது அடுத்த தவறு. மேலே சொன்ன அதே கோபுரத்தில், கலசத்திலிருந்து பிம்பக் கலசம் வரை கேமராவின் பார்வைக் கோணம் 28 பாகை. ஃபுல்ஃபிரேம் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது) 50 மி.மீ. லென்ஸைப் படுக்கவைத்தால் உயரவாட்டில் கிடைப்பது 27 பாகைதான். நிமிர்த்திப் பிடித்தால் கிட்டத்தட்ட 40 பாகை. மேலும் கீழும் மூச்சுவிட இடம் இருக்கும். கோபுரம் ஒல்லி, அதன் பிம்பம் அதை இரண்டு மடங்கு நெட்டையாக்குகிறது. அதற்கு நெட்டையான பிரேம்தான் பொருத்தம்.

மதுரை வண்டியூர் தெப்பக்குளம் இதற்கு நேர்மாறு. நடுவில் மைய மண்டபம், சுற்றிலும் மதில், மரங்கள் எல்லாம் அகலமாகப் பரந்து கிடக்கும். அங்கே நிமிர்த்தினால் மேலே வெற்று வானமும் கீழே வெற்றுத் தண்ணீரும்தான் மிஞ்சும். படுக்கவைப்பதே சரி. நான்கு கரையும் கைவசம் இருப்பதால் வெளிச்சத்தையும் நாமே தேர்ந்தெடுக்கலாம்: காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. மயிலாப்பூரில் அந்த வசதி இல்லை. கபாலீசுவரர் கோயிலுக்கு மேற்கே குளம் இருப்பதால், குளத்துக்கு அப்பால் நின்று காலையில் எடுத்தால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும். கோபுரமும் கறுப்பு, பிம்பமும் கறுப்பு. மாலை வெளிச்சத்துக்கோ, விளக்கு போட்ட பிறகோ வாருங்கள். கடற்காற்று அடங்கும் நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

கோணல்

கரைக்கோட்டை வைத்து மட்டம் பார்க்காதீர்கள். கரையைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது அந்தக் கோடு இயல்பாகவே சரிந்துதான் தெரியும். அதை நேராக்கினால் கோபுரம் சாய்ந்துவிடும். நம்ப வேண்டியது வேறு கோட்டை: கலசத்தையும் அதன் பிம்பத்தையும் இணைக்கும் கோடு. அது தூக்குக்குண்டு கட்டியது போல் நிற்க வேண்டும். எடிட் செய்யும்போதும் அந்த இரண்டு புள்ளிகளையே பிடித்துத் திருப்புங்கள்.

முக்கியமான கோட்டைப் படத்தின் நடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்கில் வை என்னும் 'மூன்றில் ஒரு பங்கு' விதியை இங்கே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தால் நீர்க்கோடு, அதாவது தண்ணீர் எதிர்க்கரையைத் தொடும் கோடு, நடுவில் இருக்கட்டும். கேமராவை மேலேயோ கீழேயோ சாய்க்காமல் நேராகப் பிடித்தால் அது தானாகவே நடுவுக்குப் பக்கத்தில் வந்துவிடும், கோபுரமும் பின்னால் சாயாது. அலையடித்துப் பிம்பம் சிதறியிருந்தால் மட்டும் நீர்க்கோட்டைக் கீழே இறக்கி, கோபுரத்துக்கு அதிக இடம் கொடுங்கள்.

வெளிச்சமும் ஃபில்டரும்

பிம்பம் அசலைவிட எப்போதும் மங்கல்தான். எடிட்டிங்கில் தண்ணீர்ப் பகுதியை வானத்தைவிட வெளிச்சமாக்கிவிட்டால், பார்ப்பவருக்குக் காரணம் புலப்படாவிட்டாலும் பொய் என்று பட்டுவிடும். போலரைசர் (தண்ணீர், கண்ணாடியின் பளபளப்பைக் குறைக்கும் சுழல் ஃபில்டர்) மாட்டியிருந்தால் பிம்பம் அடர்த்தியாகும் வரை வளையத்தைத் திருப்புங்கள், இல்லையேல் கழற்றிவிடுங்கள். வளையம் தவறாகத் திரும்பியிருந்தால், நீர்ப்பரப்போடு 37 பாகைக் கோணத்தில் பார்க்கும்போது அது பிம்பத்தை அப்படியே துடைத்துவிடும். ஃபோகஸைத் தண்ணீரின் மேற்பரப்பில் வைக்க வேண்டாம். பிம்பம் இருப்பது கோபுரத்தின் தூரத்தில். மிதக்கும் இலையில் ஃபோகஸ் பூட்டிக்கொண்டால் பிம்பம் கலங்கும்.

தலைகீழாகத் திருப்பும்போது

பிம்பத்தை மட்டும் எடுத்து, படத்தைத் தலைகீழாக்கி வைப்பது அழகான உத்தி; ஓவியம் போல நெளியும் கோபுரம் கிடைக்கும். ஆனால் படத்தை 180 பாகை சுழற்றினால் இடம் வலம் மாறிவிடும். கோபுரத்தில் 'சிவ சிவ' என்று விளக்குப் பலகை இருந்தால் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பது போல் திரும்பி நிற்கும். சுழற்றாமல், மேல்கீழாகப் புரட்டும் 'ஃபிளிப் வெர்ட்டிகல்' பொத்தானை அழுத்துங்கள். எழுத்து நேராக வரும். ஓரத்தில் ஒரு படிக்கல்லையோ மிதக்கும் பூவையோ விட்டுவையுங்கள். அது இல்லாவிட்டால், கோபுரமே சரியாக ஃபோகஸ் ஆகவில்லை என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள்.