பழைய பெல்ட்டை அடுத்த பிள்ளைக்குக் கட்டிவிடுங்கள்

கராத்தே வகுப்பில் பெல்ட் தேர்வு முடிந்ததும், மேலே போகிற பிள்ளை தன் பழைய பெல்ட்டை அடுத்து அந்த நிறத்துக்கு வருகிற பிள்ளையின் இடுப்பில் தானே கட்டிவிடட்டும். மஞ்சள், ஆரஞ்சு பெல்ட்டெல்லாம் சில மாதம்தான் கட்டுவார்கள்; துணி நைந்திருக்காது, புதிது வாங்கும் செலவு மிச்சம். அதோடு புது பெல்ட் விறைப்பாக இருப்பதால் முடிச்சு அடிக்கடி அவிழும். பழகிய பெல்ட் சின்ன விரல்களுக்கு வளைந்து கொடுக்கும். சுற்றி நிற்பவர்கள் கைதட்ட, "அண்ணா பெல்ட்" என்று சின்னவன் அதைக் கழற்றவே மாட்டான்!

நீளத்தை மட்டும் பாருங்கள்: இரண்டு சுற்று சுற்றி முடிச்சிட்டபின் இரு முனையும் சமமாகத் தொங்க வேண்டும். பெயர் தைத்த கறுப்பு பெல்ட்டுக்கு இது சரிவராது. தேர்வுக் கட்டணத்திலேயே பெல்ட்டும் சேர்ந்திருந்தால், முதலில் மாஸ்டரிடம் பேசிக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.