உருவமற்ற போர்வீரனை மேசை ஆட்டத்தில் மோத விடுவது எப்படி?

மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களில் மண்டபம் கடற்கரைக் கொட்டகையில் பாய் விரித்து, பகடை உருட்டிக் கதைக்குள் வீரர்களாக நடிக்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டத்தை ஆடத் தொடங்கிய எங்களை முதலில் தடுமாற வைத்தது ஆவிதான். வாள் அதன் ஊடே போய்விடும், அதன் அடி மட்டும் நம்மீது விழும் என்று கதையை நடத்துபவர் சொன்னால், இரண்டாவது சுற்றிலேயே நண்பர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

முதலில் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் 'ஸ்பெக்டர்' என்னும் ஆவி தொடக்கக்காரர்களுக்குப் போதும்: கவச எண் (தாக்குபவரின் பகடை எட்ட வேண்டிய எண்) 12, உயிர்ப்புள்ளி (சேதத்தால் குறையும் எண்) 22, பறக்கும் வேகம் ஒரு முறைக்கு 50 அடி. சாதாரண வாள் அதன்மீது படும்; ஆனால் சேதம் பாதியாகும். 20 பக்கப் பகடையில் 9 விழுந்து, வீரரின் தாக்குதல் கூட்டெண் 5 சேர்ந்தால் 14. ஆகவே வெட்டு பட்டது. சேதம் 9 என்றால் கீழ்நோக்கி முழுமையாக்கி 4 மட்டும் கழியுங்கள். மந்திர வாளின் சேதம் பாதியாகாது. 'மேஜிக் மிசைல்' மந்திரமும் முழுமையாகவே தாக்கும்.

அடுத்து, சுவர்கள் உள்ள இடம் வேண்டும். கூரையிழந்து பவளக்கல் சுவர்களோடு நிற்கும் தனுஷ்கோடி தேவாலயத்தை நான் வரைந்துகொண்டேன். ஆனால் 1964 புயலில் இறந்தோரை ஆவியாக்காதீர்கள். அவர்களின் உறவினர் இக்கரையில் இன்னும் வாழ்கிறார்கள். சேதுபதி காலத்து மறவன் ஒருவன் கையில் வளரி என்ற வளைந்த எறி ஆயுதத்துடன் ஆவியாக வரட்டும். ஸ்பெக்டருக்கு எறிதாக்குதல் கிடையாது என்பதால், வளரியை அவன் வீசாமல் பிடித்தபடியே அருகில் வந்து வெட்டுவதாக வர்ணியுங்கள்.

சண்டையின் உயிர் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. சுவருக்குள் நகரும் ஒவ்வோர் அடிக்கும் வேகத்தில் இரண்டு அடி செலவாகும்; தன் முறையைச் சுவருக்குள்ளேயே முடித்தால், பத்துப் பக்கப் பகடை ஒன்றின் அளவு சேதம் அவனுக்கே விழும். எனவே அவன் வெளியே வந்து வெட்டி, மறுபுறம் போய் நிற்க வேண்டும். பகடையில் விழுந்ததோடு அவனுடைய தாக்குதல் கூட்டெண் 4ஐச் சேர்த்தும் வீரரின் கவச எண்ணை எட்டாவிட்டால் வெட்டு தவறும். பட்டால் ஆறு பக்கப் பகடை மூன்று. 4, 5, 2 விழுந்தால் 11 சேதம். பிறகு வீரர் உடலுறுதிக்குப் பகடை உருட்டி 10ஐ எட்டாவிட்டால், நீண்ட ஓய்வு எடுக்கும்வரை அவரது உச்ச உயிர்ப்புள்ளியும் 11 குறையும்.

வீரர்கள் சுவரை வெட்டிக்கொண்டிருந்தால், "அவன் வெளியே வந்ததும் வெட்டுவேன்" என்று தங்கள் செயலை ஒத்திவைக்கலாம் எனச் சொல்லிக் கொடுங்கள். எங்கள் ஆட்டத்தில் இதைக் கண்டுபிடித்தவர் அதுவரை வாய் திறக்காமல் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த அண்ணன்தான்.

வெயில் பட்டால் ஸ்பெக்டர் தாக்கும்போது பகடையை இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். சுற்று ஒன்றுக்கு ஆறு நொடி மட்டுமே என்பதால், விடியல் உதவ வேண்டுமானால் சண்டையைச் சூரியன் கடலுக்கு மேல் தலைகாட்டும் நேரத்திலேயே தொடங்குங்கள்.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் உருவமற்றவனின் தொடுகை இரும்புக் கவசத்தையும் கேடயத்தையும் பொருட்படுத்தாது. மந்திர வாளின் வெட்டுக்கூட இரண்டில் ஒரு முறை வீணாகும். புதியவர்களுக்கு அதை நான் கொடுப்பதில்லை.