ஒற்றைச் சிப் பிட்காயின் மைனர்: போர்டு வரைவதிலிருந்து முதல் நான்ஸ் வரை

கையகலப் போர்டு ஒன்றை நாமே வரைந்து, அதில் ஒரே ஒரு மைனிங் சிப்பை வைத்து, அது தரும் விடையான நான்ஸ் (ஹாஷ் என்ற கணக்கின் முடிவைக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வரச் செய்யும் எண்) சரியா என்று சரிபார்ப்பதுவரை இந்தப் பதிவில் பார்ப்போம். இஎஸ்பி32 என்ற கன்ட்ரோலர் சிப்பை வைத்துச் சின்ன வேலைகள் செய்திருந்தால், போர்டு வரையும் மென்பொருளான கீகேட்டில் இரண்டு லேயர் போர்டு ஒன்றாவது வரைந்திருந்தால் போதும், தொடரலாம்.

பணக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் செய்யப்போகும் போர்டின் வேகம் சுமார் 434 கிகாஹாஷ், அதாவது நொடிக்கு 43,400 கோடி ஹாஷ். மொத்த பிட்காயின் நெட்வொர்க்கின் வேகம் 600 எக்ஸாஹாஷ் (ஒரு எக்ஸாஹாஷ் என்பது நூறு கோடி கிகாஹாஷ்) என்று வைத்துக்கொண்டால், இந்தப் போர்டு தனியாக ஒரு பிளாக்கைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 26,000 வருடங்கள் ஆகும். ஆகவே வருமானத்துக்காக இதைச் செய்யாதீர்கள். ஒரு நகம் அளவுள்ள சிப்புக்கு 1.2 வோல்ட்டில் 10 ஆம்பியர் கொடுப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. கிராஃபிக்ஸ் கார்டு செய்பவர்களும் சர்வர் போர்டு செய்பவர்களும் தினமும் மோதுகிற பிரச்சினை இதுதான்.

படி 1: சிப்பையும் முன்மாதிரியையும் தேர்ந்தெடுங்கள்

மைனிங் சிப்களும் ஆண்ட்மைனர் என்ற இயந்திரங்களும் செய்யும் பிட்மெயின் நிறுவனம் தன் சிப்களுக்கான டேட்டாஷீட்டைப் பொதுவில் வெளியிடுவதில்லை. பழைய ஆண்ட்மைனர் போர்டுகளை அளந்தும், சிப்புக்குப் போகும் தகவலை ஒட்டுக்கேட்டும் ஆர்வலர்கள் சேர்த்த அறிவுதான் நம்மிடம் இருக்கிறது. அந்த அறிவு முழுவதும் பிட்ஆக்ஸ் என்ற திறந்தநிலைத் திட்டத்தில் சர்க்யூட்டாகவும் கீகேட் கோப்பாகவும் கிடைக்கிறது. அதன் அல்ட்ரா மாடலில் இருப்பது பிஎம்1366. ஆண்ட்மைனர் எஸ்19 எக்ஸ்பியில் வந்த 5 நானோமீட்டர் சிப் அது. இந்தப் பதிவுக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன்.

சர்க்யூட்டைத் திறந்து ஒரு மாலை முழுக்கப் படியுங்கள். சிப் கேட்பது ஆறே விஷயங்கள்: கோருக்கு (கணக்குப் போடும் உள்பகுதிக்கு) 1.2 வோல்ட், இன்புட் அவுட்புட்டுக்கு 1.8 வோல்ட், கூடவே ஒரு 0.8 வோல்ட், 25 மெகாஹெர்ட்ஸ் கிளாக், சீரியல் தொடர்பு, ரீசெட். சீரியல் வழியாக வேலை கொடுத்து விடை வாங்குவது இஎஸ்பி32-எஸ்3. அது பேசுவது 3.3 வோல்ட்டில், சிப் பேசுவது 1.8 வோல்ட்டில். நடுவில் லெவல் ஷிஃப்டர் இல்லாமல் நேராக இணைத்தால் சிப் கெட்டுவிடும்.

ஒரு சிப்போடு தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2016இல் வந்த ஆண்ட்மைனர் எஸ்9 போர்டு ஒன்றில் 63 சிப்கள். மூன்று மூன்றாகச் சேர்த்து 21 குழுக்கள், அந்தக் குழுக்கள் தொடராக இணைந்திருக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் கிடைப்பது சுமார் 0.4 வோல்ட். ஒரே கரன்ட் 21 குழு வழியாகவும் ஓடுவதால் செம்பு மிச்சம். ஆனால் ஒரு குழு கெட்டால் போர்டு மொத்தமும் படுத்துவிடும். முதல் போர்டிலேயே அந்தச் சிக்கலை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

படி 2: பவர் கணக்கு

கோருக்கு 12 வாட் என்று வையுங்கள். 12ஐ 1.2ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். 5 வோல்ட் அடாப்டரிலிருந்து பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டேஜை இறக்கித் தரும் ரெகுலேட்டர்) மூலம் இதை எடுக்கிறோம். அதன் திறன் 88 சதவீதம் என்றால் உள்ளே போகவேண்டியது 13.6 வாட், அதாவது 2.7 ஆம்பியர். ஃபேனையும் கன்ட்ரோலரையும் சேர்த்துப் பார்த்தால் 5 வோல்ட், 4 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். சாதாரண மொபைல் சார்ஜரால் இது முடியாது.

படி 3: போர்டு வரைவது

நேரத்தில் பாதியை இங்கே செலவழியுங்கள். கோடு இழுத்து இரண்டு புள்ளியை இணைத்தால் வேலை முடிந்தது என்ற பழக்கம் 10 ஆம்பியரில் எடுபடாது. இங்கே செம்பே ஒரு ரெசிஸ்டர்.

சதுரக் கணக்கு ஒன்று இருக்கிறது, அதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு அவுன்ஸ் செம்பு என்பது 35 மைக்ரான் தடிமன். அந்தத் தகட்டில் ஒரு சதுரம், அது பெரிதோ சிறிதோ, முனைக்கு முனை சுமார் அரை மில்லி ஓம். இப்போது ரெகுலேட்டரிலிருந்து சிப் வரை 5 மில்லிமீட்டர் அகலத்தில் 20 மில்லிமீட்டர் நீளப் பட்டை வரைந்தீர்கள் என்றால் அதில் நான்கு சதுரம், 2 மில்லி ஓம். 10 ஆம்பியர் ஓடும்போது 20 மில்லிவோல்ட் அங்கேயே போய்விடும். கிரவுண்ட் வழியாகத் திரும்பும் பாதையும் அப்படியே இருந்தால் இன்னொரு 20. அதே இடத்தை 15 மில்லிமீட்டர் அகலம், 12 மில்லிமீட்டர் நீளம் என்று மாற்றிப் பாருங்கள். ஒரு சதுரம்கூட இல்லை, இழப்பு 4 மில்லிவோல்ட்தான். தடிமனான செம்புக்குக் காசு கொடுப்பதற்கு முன், ரெகுலேட்டரைச் சிப்புக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள்.

லேயர்களை இணைக்கும் துளையான வயாவும் அப்படித்தான். 0.3 மில்லிமீட்டர் துளை, 1.6 மில்லிமீட்டர் போர்டு, 25 மைக்ரான் பூச்சு என்றால் ஒரு வயா சுமார் 1.2 மில்லி ஓம். பத்து ஆம்பியரை ஒரே வயாவில் இறக்கினால் அந்தச் சின்ன ஓட்டையே சூடேறும். கோர் வோல்ட்டேஜ் லேயர் மாறும் இடத்தில் குறைந்தது ஒரு டஜன் வயா போடுங்கள், கிரவுண்டுக்கும் அதே அளவு.

நான்கு லேயர் போதும். மேலே பாகங்களும் கோர் வோல்ட்டேஜும், இரண்டாவது முழுக்க கிரவுண்ட், மூன்றாவது மறுபடியும் கோர் வோல்ட்டேஜ், அடியில் கிரவுண்டும் மற்றக் கோடுகளும். இரண்டாவது லேயரை வெட்டி நடுவில் ஒரு சிக்னல் கோடு ஓட்ட ஆசை வரும், செய்யாதீர்கள். ஆர்டர் கொடுக்கும்போது உள் லேயர்களின் தடிமனைப் பாருங்கள். பல இடங்களில் வழக்கமாகத் தருவது அரை அவுன்ஸ்தான், அப்போது சதுரத்துக்கு ஒரு மில்லி ஓம் ஆகிவிடும்.

பக் கன்வெர்ட்டரின் இன்புட் கெபாசிட்டரை மாஸ்ஃபெட்டுக்கு ஒட்டினாற்போல் வையுங்கள். கரன்ட் வெட்டி வெட்டி ஓடுவது அந்தச் சின்னச் சுற்றில்தான், சுற்று பெரிதானால் இரைச்சலும் பெரிதாகும். பிறகு சென்ஸ் கோடு. வோல்ட்டேஜ் சரியாக இருக்கிறதா என்று ரெகுலேட்டர் பார்க்கவேண்டியது தன் காலடியில் அல்ல, சிப்பின் பேடில். அங்கிருந்து மெல்லிய கோடுகளாகத் திரும்பக் கொண்டுவாருங்கள், காயிலுக்குப் பக்கத்தில் போகாமல். கூடவே ரெகுலேட்டர் அவுட்புட்டுக்கும் சென்ஸ் கோட்டுக்கும் நடுவில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. அது ஏன் என்று படி 5இல் சொல்கிறேன்.

கடைசியாக, 1.2, 1.8, 0.8, 3.3, கிளாக், ரீசெட், சீரியல் இரண்டு கோடு, எல்லாவற்றுக்கும் டெஸ்ட் பாயின்ட் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கிரவுண்ட் பேடும் இருக்கட்டும். பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். கீகேட்டில் சர்க்யூட்டையும் போர்டையும் சரிபார்க்கும் இஆர்சி, டிஆர்சி இரண்டையும் ஓட்டிப் பிழை ஒன்றும் இல்லை என்றான பின், போர்டு தயாரிப்பவருக்குக் கெர்பர் கோப்பை அனுப்புங்கள்.

படி 4: சிப்பைத் தவிர எல்லாவற்றையும் சால்டர் செய்யுங்கள்

போர்டும் ஸ்டென்சிலும் வந்துவிட்டன. சால்டர் பேஸ்ட் தேய்த்து, பாகங்களை வைத்து, ஹாட் பிளேட்டில் சூடாக்குங்கள். மைனிங் சிப் இப்போது வேண்டாம், அதன் இடம் காலியாகவே இருக்கட்டும். அந்தப் பேடுகளில் பேஸ்ட் விழாமல் ஸ்டென்சிலில் அந்த இடத்தை டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

படி 5: பொய்ச் சுமை வைத்துப் பவரைச் சோதியுங்கள்

என் இரண்டாவது போர்டில் எல்லாவற்றையும் ஒரே தடவையில் சால்டர் செய்து பவர் கொடுத்தேன். சென்ஸ் கோட்டில் இருந்த ஜீரோ ஓம் ரெசிஸ்டரின் ஒரு முனையில் ஈயம் பிடிக்கவில்லை. ரெகுலேட்டருக்கு அவுட்புட் பூஜ்யம் என்றே தெரிந்தது, அதனால் ஏற்றிக்கொண்டே போய்க் கிட்டத்தட்ட 5 வோல்ட்டையும் சிப்புக்குள் தள்ளிவிட்டது. புகை இல்லை, சத்தம் இல்லை. மல்டிமீட்டரில் கோருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.0 ஓம். அன்றிலிருந்து பவர் நிரூபணமாகாமல் நான் சிப்பைத் தொடுவதில்லை. அந்த 100 ஓம் ரெசிஸ்டர் இருந்திருந்தால் சென்ஸ் கோடு அறுந்தாலும் ரெகுலேட்டர் தன் அவுட்புட்டையாவது பார்த்திருக்கும், சிப் பிழைத்திருக்கும்.

கரன்ட் லிமிட் உள்ள பென்ச் சப்ளையை 5 வோல்ட், 200 மில்லிஆம்பியருக்கு வைத்துத் தொடங்குங்கள். 3.3, 1.8, 0.8, பிறகு 1.2, இந்த வரிசையில் அளந்து நோட்டில் எழுதுங்கள்.

அடுத்தது சுமை. 1.2 ஓம், 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் பத்து வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் கிடைக்கும். ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்டில் சரியாக 1 ஆம்பியர் இழுக்கும். பத்தையும் இரண்டு தடித்த செம்புக் கம்பிகளுக்கு நடுவே ஏணி மாதிரி சால்டர் செய்து, சிப்பின் கோர் பேடிலும் கிரவுண்ட் பேடிலும் இணையுங்கள். சப்ளையின் லிமிட்டை 4 ஆம்பியருக்கு ஏற்றுங்கள். ஒரு ரெசிஸ்டரில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டினால், எத்தனையாவது ஆம்பியரில் வோல்ட்டேஜ் சரிகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

மல்டிமீட்டர் முனை ஒன்றைச் சிப் பேடிலும் மற்றொன்றை ரெகுலேட்டர் அவுட்புட்டிலும் வையுங்கள். பத்து ஆம்பியரில் 20 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் செம்பு போதவில்லை என்று அர்த்தம். அரை மணி நேரம் ஓடவிட்டுக் காயிலின் சூட்டை அளந்து பாருங்கள். ஆசிலோஸ்கோப் இருந்தால் ரிப்பிளையும் (வோல்ட்டேஜின் சிறு அலைகளையும்) பார்க்கலாம், ஆனால் புரோபின் நீளமான கிரவுண்ட் வயரைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் முனையைப் போட்டுக்கொள்ளுங்கள். நீள வயர் ஆன்டெனா மாதிரி இரைச்சலை வாங்கி, இல்லாத ரிப்பிளைக் காட்டும்.

படி 6: இப்போது சிப்

அடியில் பேடு உள்ள சிப் இது. நடுப் பேடு முழுக்கப் பேஸ்ட் நிரப்பினால் சிப் மிதந்து ஓரக் கால்கள் ஒட்டாமல் போகும். ஜன்னல் கம்பி மாதிரி சின்னச் சின்னக் கட்டங்களாகப் பேஸ்ட் விழட்டும். ஈயம் கலந்த பேஸ்ட் 183 டிகிரியில் உருகும், ஈயமில்லாதது 217க்கு மேல். முதல் தடவை செய்பவர்களுக்கு ஈயம் கலந்ததே வசதி. அடியிலிருந்து போர்டைச் சூடாக்கி, மேலே ஹாட் ஏர் கொடுத்து, பேஸ்ட் உருகிய நொடியில் சிப்பை ட்வீசரால் லேசாகத் தொடுங்கள். அது நகர்ந்து தானாகத் தன் இடத்துக்கு வந்து நின்றால் சரியாக ஒட்டியிருக்கிறது.

ஆறிய பிறகு கோர் ரெசிஸ்டன்ஸை அளங்கள். நல்ல சிப்பிலேயே இது மிகக் குறைவாக இருக்கும், அதனால் மல்டிமீட்டரின் பீப் சத்தத்தைக் கேட்டு ஷார்ட் என்று முடிவு கட்டாதீர்கள். பீப்பை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். ஹீட்சிங்க்கும் ஃபேனும் மாட்டிய பிறகுதான் பவர்.

படி 7: சிப்பைப் பெயர் சொல்லக் கேளுங்கள்

சீரியல் வேகம் 115200. ரீசெட்டை விடுவித்து, சிப் அடையாளத்தைக் கேட்கும் கட்டளையை அனுப்புங்கள். திரும்பி வரும் பைட்டுகளில் 13, 66 என்று அடுத்தடுத்து இரண்டு எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும். 1366! சிப் தன் பெயரைச் சொல்லிவிட்டது. முதல் முறை அதைத் திரையில் பார்த்தபோது ராத்திரி ஒரு மணி, வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன்.

பதில் வரவில்லையா? 1.8, 0.8, ரீசெட் மூன்றையும் அளங்கள். கிளாக் துடிக்கிறதா என்று பாருங்கள். அனுப்பும் கோடும் வாங்கும் கோடும் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் தவறு இந்தக் கடைசி இடத்தில்தான் இருக்கும்.

படி 8: விடையைச் சரிபார்க்கும் நிரலைச் சோதியுங்கள்

சிப் தரும் நான்ஸ் சரியா என்று நம் நிரல் சொல்லவேண்டும். நிரலே தப்பாக இருந்தால்? பைட்டுகளின் வரிசை தலைகீழாகப் போவது இந்தத் துறையில் எல்லோரும் விழும் குழி. நல்ல சிப்பைக் கெட்டது என்று தூக்கிப்போட வைத்துவிடும்.

இதற்கு உலகறிந்த விடை ஒன்று நம்மிடம் இருக்கிறது. 2009 ஜனவரி 3 தேதியிட்ட பிட்காயினின் முதல் பிளாக். அதன் நான்ஸ் 2083236893. அந்த 80 பைட் தலைப்பை எடுத்து, ஹாஷ் கணக்கிடும் முறையான எஸ்எச்ஏ-256ஐ இரண்டு முறை ஓட்டுங்கள். விடையின் பைட்டுகளைத் தலைகீழ் வரிசையில் வைத்துப் பதினாறடிமானத்தில் எழுதும்போது முன்னால் பத்து பூஜ்யங்கள் வந்தால் உங்கள் நிரல் சரி. வராவிட்டால் சிப்பைக் குறை சொல்லாமல் நிரலைத் திருத்துங்கள்.

படி 9: வேகத்தை எண்ணிப் பாருங்கள்

பிஎம்1366இல் 894 சிறு கோர்கள். ஒரு கிளாக் துடிப்புக்கு ஒரு கோர் ஒரு ஹாஷ். 485 மெகாஹெர்ட்ஸில் 485ஐ 894ஆல் பெருக்கினால் 434 கிகாஹாஷ். கிளாக்கை ஒரேயடியாக ஏற்றாமல் 6.25 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றுங்கள்.

போர்டு நிஜமாகவே அந்த வேகத்தில் ஓடுகிறதா? சிப்பின் டிஃபிகல்டியை (எவ்வளவு அரிதான விடையை மட்டும் அது திருப்பித் தரவேண்டும் என்ற அளவை) 256இல் வைத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சரியான நான்ஸ்களை மட்டும் எண்ணுங்கள். டிஃபிகல்டி 1 என்பது சராசரியாக 2இன் 32ஆம் அடுக்கு ஹாஷ், அதாவது சுமார் 429 கோடி. கணக்குப் போட்டால் பத்து நிமிடத்தில் 237 நான்ஸ் வரவேண்டும். இது குலுக்கல் மாதிரி என்பதால் ஏற்ற இறக்கம் இருக்கும். 206க்கும் 268க்கும் நடுவில் வந்தால் கவலைப்படாதீர்கள். 150 வந்தால் சில கோர்கள் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

அப்போது கிளாக்கை 400க்கு இறக்கி மறுபடி எண்ணுங்கள். 400க்கு வரவேண்டியது 195. அந்த எண்ணிக்கை வந்துவிட்டால் சிப்பில் குறையில்லை, 485இல் அதற்கு வோல்ட்டேஜ் போதவில்லை. சிப் ஓடிக்கொண்டிருக்கும்போதே 1.2 டெஸ்ட் பாயின்ட்டில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 1.15 காட்டுகிறதென்றால் சென்ஸ் கோடு சிப் பேடிலிருந்துதான் தொடங்குகிறதா என்று கீகேட்டைத் திறந்து தேடுங்கள்.