ஏர் ஃபிரையரில் ஸ்பகெட்டி ஸ்குவாஷ்: இழை நீளமாக வர, தண்ணீர் விடாமல் இருக்க

பாண்டி பெரிய மார்க்கெட்டில் வாங்கும் பரங்கிக்காயை வைத்து இதைச் செய்ய முடியாது. பரங்கி வெந்தால் குழைந்துவிடும். பூசணி வகைக் காயான ஸ்பகெட்டி ஸ்குவாஷின் சதை வெந்தபின் நூல் நூலாகப் பிரியும். வெளிர்மஞ்சள் தோல், நகம் பதியாத கடினம், கையில் கனம் என்று பார்த்து வாங்குங்கள். ஒரு கிலோ காய் இரண்டு பேருக்குப் போதும்.

வெட்டுவது

பலரும் சறுக்குவது இங்கேதான். காயை நீளவாக்கில் பிளந்தால் இழைகள் துண்டு துண்டாக வரும். ஏனென்றால் இழைகள் காம்பிலிருந்து நுனிக்கு ஓடுவதில்லை, காயைச் சுற்றி வளையமாக ஓடுகின்றன. ஆகவே குறுக்கே, வெங்காயம் அரிவதுபோல, 3 செ.மீ. கனத்தில் வில்லைகளாக வெட்டுங்கள். சின்னக் கூடையில் அடுக்கவும் இதுவே தோது.

தோல் கத்திக்கு மசியாவிட்டால், முள்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் ஆழமாகக் குத்தி மைக்ரோவேவில் 3 நிமிடம் வையுங்கள். குத்தாமல் வைத்தால் உள்ளே ஆவி அடைத்துக் காய் வெடிக்கும். வெட்டும்போது பலகைக்கு அடியில் ஈரத்துணி போட்டால் நழுவாது.

தண்ணீரை எடுப்பது

நடுவிலுள்ள விதையையும் நாரையும் ஸ்பூனால் வழித்து எடுங்கள். வில்லைகளின் இரு பக்கமும் அரை டீஸ்பூன் உப்பைத் தூவி 15 நிமிடம் விடுங்கள். முத்து முத்தாக நீர் கோக்கும். துணியால் ஒற்றி எடுங்கள். இதைத் தவிர்த்தால் கடைசியில் தட்டில் குளம் கட்டும்.

வேகவைப்பது

2 டீஸ்பூன் எண்ணெய் தடவுங்கள். 180 டிகிரியில் 3 நிமிடம் சூடேற்றிய கூடையில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வறுபடாது, புழுங்கும். 10 நிமிடத்தில் திருப்புங்கள். 16ஆம் நிமிடத்தில் முள்கரண்டியால் இழுத்துப் பாருங்கள்: இழை பிரிந்து, கடித்தால் லேசாக நறுக்கென்றால் எடுத்துவிடலாம். பிரியாவிட்டால் இரண்டிரண்டு நிமிடமாகக் கூட்டுங்கள். ஒரேயடியாக 30 நிமிடம் வைத்தால் கூழ்தான்.

5 நிமிடம் ஆறவிட்டு, தோலை உரித்து, வளையத்தின் போக்கிலேயே இழைகளைப் பிரியுங்கள்.

தாளிப்பு

தக்காளி சாஸ் ஊற்றலாம்தான். ஆனால் இந்தச் சதைக்குத் தனிச்சுவை குறைவு, நம் தாளிப்பு நன்றாகவே ஒட்டும். ஒரு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, தட்டிய பூண்டு 4 பல், கிள்ளிய மிளகாய் 2, கறிவேப்பிலை. அடுப்பை அணைத்தபின் இழைகளைப் போட்டு ஒரு புரட்டு. மேலே வறுத்த மல்லாட்டை (வேர்க்கடலை) ஒரு பிடி, ஒன்றிரண்டாகப் பொடித்தது. எலுமிச்சையைச் சாப்பிடும்போது பிழியுங்கள். உப்பைச் சுவைத்துப் பார்த்தபின் சேருங்கள், வில்லையில் ஏற்கெனவே ஏறியிருக்கும்.

விதையை எறியாதீர்கள். கழுவி, ஈரம் போகக் காயவைத்து, 160 டிகிரியில் 8 நிமிடம். நடுவில் ஒரு குலுக்கு. கடற்காற்றில் சீக்கிரம் நமுத்துப்போகும், அன்றே கொறித்துவிடுங்கள்.