மைப்பேனாவுக்கு மலிவான நோட்டு: டஜன் கணக்கில் வாங்கும் முன்

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில், தள்ளுபடி கிடைக்கிறதே என்று ஒரு டஜன் லாங் சைஸ் நோட்டை அள்ளிக்கொண்டு வந்தேன். அட்டையில் 70 ஜிஎஸ்எம் என்று பளிச்சென்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து மைப்பேனாவைத் திறந்து, முதல் வரியில் ‘எண்ணெய் வாங்கணும்’ என்று எழுதினேன். மூன்று சுழி ‘ண’வின் சுழிகள் மூன்றும் அடைத்துக்கொண்டன. ஒவ்வொரு கோட்டிலிருந்தும் மெல்லிய மயிரிழைகள் கிளம்பின. தாளைத் திருப்பினால், புள்ளி வைத்த இடமெல்லாம் மை ஊறிப் பொட்டுப் பொட்டாக நின்றது. மிச்சம் பதினொன்றும் அண்ணன் மகளுக்குப் போயின. அவள் பால்பாயிண்ட் கட்சி, ஒரு குறையும் சொல்லவில்லை.

நான் செய்த முதல் தவறு ஜிஎஸ்எம்மை நம்பியது. ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் ஜிஎஸ்எம். எடை கூடினால் பொதுவாகத் தாள் தடிக்கும், எழுதியது பின்பக்கம் நிழலாகத் தெரிவது குறையும். மை பரவுமா, பரவாதா என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை. பேனாப் பித்தர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ஜப்பானின் டோமோயே ரிவர் தாளில் பேர்போனது வெறும் 52 ஜிஎஸ்எம்தான். வெங்காயச் சருகு மாதிரி இருக்கும், பின்பக்கம் நிழல் நன்றாகவே தெரியும், ஆனால் கோடு கத்தியால் வெட்டினாற்போல நிற்கும். 100 ஜிஎஸ்எம் தாளில் மை வேர்விட்டு ஓடியதையும் பார்த்திருக்கிறேன்.

இங்கே மூன்று குறைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பலர் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, நல்ல நோட்டையும் ஒதுக்கிவிடுகிறார்கள். எழுத்தின் ஓரத்திலிருந்து மை இழை இழையாகக் கிளம்புவது ஒன்று. மை தாளைத் துளைத்துப் பின்பக்கம் ஈரமாக வந்து நிற்பது இன்னொன்று. மை வராமலே எழுத்து மட்டும் நிழலாகத் தெரிவது மூன்றாவது. முதல் இரண்டும் இருந்தால் அந்த நோட்டு ஆகாது. மூன்றாவதோடு குடித்தனம் நடத்தலாம். இரண்டு பக்கமும் எழுதினாலும் படிக்க முடிகிற நிழல் என்றால் விலைக்கு அது பாதகமில்லை.

சரி, மை ஏன் பரவுகிறது? காகிதம் என்பது மரம், மூங்கில், கரும்புச் சக்கை போன்றவற்றின் நார். நார் தண்ணீரைக் கண்டால் உறிஞ்சும். ஒன்றும் செய்யாமல் விட்டால் எல்லாத் தாளும் ஒற்றுத்தாள்தான். அதைத் தடுக்க ஆலையில் இரண்டு இடத்தில் வேலை நடக்கிறது. கூழிலேயே ரோசினும் படிகாரமும் போன்ற, தண்ணீரைத் தள்ளுகிற பொருள்களைக் கலப்பார்கள். அப்புறம் தாள் உருவானபின் அதன் மேல் ஸ்டார்ச் பூசுவார்கள். பருத்திச் சேலைக்குக் கஞ்சி போடுகிற அதே கதைதான், அதே மாவுப் பொருள்தான். கஞ்சி போட்ட சேலையில் தண்ணீர் தெளித்தால் துளி சற்று நேரம் நின்று யோசிக்கும். கஞ்சி போடாததில் தெளித்தால் உடனே காணாமல் போகும். ஆலைக்காரர்கள் இதைக் காப் சோதனை என்று அளக்கிறார்கள். தாளின் மேல் குறிப்பிட்ட நேரம், பெரும்பாலும் 60 விநாடி, தண்ணீரை நிறுத்தி வைத்து, எத்தனை கிராம் குடித்தது என்று எடை போடுவார்கள். நோட்டு வாங்குகிறவனுக்கு வேண்டிய எண் அதுதான். அதை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை.

அதனால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கிரீம்வோவா, மேப்லித்தோவா? நம் ஊர் நோட்டுகளில் புழங்குவது பெரும்பாலும் இந்த இரண்டு வகைத் தாளும்தான். கிரீம்வோவ் மலிவு, பொதுவாக மேல்பூச்சுக் கஞ்சி இல்லாதது, கொஞ்சம் சொரசொரப்பு. மேப்லித்தோவுக்கு மேலே கஞ்சி உண்டு, வழவழப்பும் கூடுதல். சில்லறைக் கடையில் கேட்டால் முழிப்பார்கள். மொத்தக் கடையிலும் பைண்டிங் கடையிலும் கேட்டால் சட்டென்று பதில் வரும். மேப்லித்தோ என்றாலே நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், வாய்ப்பு அதிகம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்புச் சக்கைத் தாள் பற்றி இரண்டு விதமான மூடநம்பிக்கை உண்டு. ‘சக்கையில் செய்தது, மட்டமாகத்தான் இருக்கும்’ என்பது ஒன்று. ‘சக்கைத் தாள் என்றால் மைப்பேனாவுக்கு அமிர்தம்’ என்பது வெளிநாட்டுப் பேனாக்காரர்களிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979இல் தொடங்கப்பட்டதே சக்கையை மூலப்பொருளாக வைத்துத்தான். ஆக நாம் தெரிந்தோ தெரியாமலோ சக்கைத் தாளில் எத்தனையோ எழுதியாயிற்று. நார் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதன் மேல் எவ்வளவு கஞ்சி ஏறியது என்பதுதான் மைக்குத் தெரியும்.

விரலால் தடவிப் பார்த்து வாங்குவது அடுத்த பொறி. வழவழவென்று பளபளக்கிற ஆர்ட் பேப்பரில் மை உறிஞ்சப்படாது. மேலேயே குளம் கட்டி நிற்கும். கை பட்டால் இழுவிக்கொள்ளும், இடக்கைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். எதிர்ப்பக்கம் கையால் செய்த காகிதத்தில் தைத்த கைத்தாள் நோட்டு இருக்கிறது. பூ இதழ் பதித்து, நூல் கட்டி, பார்க்கவே ஆசையாக இருக்கும். அதில் எழுதினால் நார் பிய்ந்து நிப்பின் பிளவில் மாட்டிக்கொண்டு, கோடு இரண்டு மடங்கு தடிக்கும். பரிசு கொடுக்க நல்லது.

விலையும் வழிகாட்டாது. 600 ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரு வெளிநாட்டு நோட்டு, தோல் மாதிரி அட்டை, நாடா, பின்னால் பை என்று எல்லாம் இருந்தும், மையை அந்த டஜன் நோட்டு போலவே குடித்தது. காசெல்லாம் அட்டைக்குப் போயிருக்கிறது.

ஆக, சொந்தப் பேனாவை எடுத்துக்கொண்டு போங்கள், ஒரே ஒரு நோட்டு வாங்குங்கள், கடை வாசலிலேயே கடைசிப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இதிலும் ஒரு தவறு நடக்கும்: கையெழுத்தைக் கிறுக்கிப் பார்த்துவிட்டு ‘பரவாயில்லையே’ என்று திருப்தியாவது. வேகமாகப் போகிற கோட்டில் மை குறைவாகத்தான் இறங்கும், குறை தெரியாது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு நல்ல சோதனைச் சொற்கள் கைவசம் இருக்கின்றன. நான் எழுதுவது ‘அண்ணன் எண்ணெய்க் கிண்ணம்’. சுழி நிறைய, புள்ளியும் நிறைய. புள்ளி வைக்கும்போது நிப் ஒரு கணம் நின்று அழுத்துகிறது, அங்கேதான் மை அதிகம் இறங்குகிறது. எந்தத் தாளிலும் முதலில் ஊறுவது மெய்யெழுத்தின் தலைப்புள்ளிதான். வழக்கமாக எழுதும் அளவிலேயே, நிதானமாக எழுதி, ஒரு நிமிடம் விட்டுத் திருப்பிப் பாருங்கள். சுழிக்குள் வெள்ளை தெரிகிறதா, பின்பக்கம் புள்ளி வந்திருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி.

பின்பக்கத்திலும் எழுதிப் பார்க்க வேண்டும். காகிதம் பொதுவாகக் கம்பிவலை மேல் ஓடித்தான் உருவாகிறது. வலைப் பக்கம் நுண்ணிய நார் கழுவிப் போய்விடுவதால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. சில நோட்டில் வலப்பக்கம் முத்து முத்தாக வரும், அதையே திருப்பினால் இடப்பக்கம் சேறு. இன்னொன்று, வியர்வை. சென்னை மே மாதத்தில் உள்ளங்கை ஊன்றிய இடத்தில் மட்டும் மை தாறுமாறாக நடந்துகொள்ளும். அதைப் பார்த்து நோட்டைத் திட்டக்கூடாது. கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் போதும்.

நோட்டைக் குறை சொல்லும்போது பேனாவையும் பார்க்க வேண்டும். தடித்த முள், தாராளமாக ஒழுகும் மை என்றால் எந்த மலிவுத் தாளும் தாங்காது. ஃபைன் என்ற மெல்லிய அளவு நிப்பிலும் ஜப்பானியது ஐரோப்பியதைவிடப் பொதுவாக மெல்லியது, பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். இரும்பு மை என்று ஒரு வகையும் உண்டு. டானின் கலந்த சாறும் இரும்பு உப்பும் சேர்ந்து கறுக்கிற மை. கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் கறுக்கும் என்று நம் வைத்தியர்களுக்கும் சாயக்காரர்களுக்கும் தெரிந்த அதே வேதியியல். இது மோசமான தாளிலும் அதிகம் பரவாது. அமிலத்தன்மை உள்ளது என்பதால் பேனாவில் மாதக்கணக்கில் விட்டு வைக்காமல் கழுவிவிட வேண்டும்.

ஒரு நோட்டு தேறிவிட்டது என்றால், அடுத்த தவறு ஆறு மாதம் கழித்து அதே பெயரைத் தேடிப் போவது. மலிவு நோட்டில் அட்டை அதேதான் இருக்கும், உள்ளே தாள் மாறியிருக்கும். எந்த ஆலைத் தாள் கிடைத்ததோ அதைப் போட்டுத் தைப்பார்கள். பின்னட்டையில் தயாரித்த மாதம் அச்சிட்டிருந்தால், தேறிய நோட்டின் மாதத்தைப் படம் பிடித்துக்கொண்டு, அதே வாரத்தில் அதே கடைக்குப் போய் அதே மாதத்து நோட்டை ஆறு ஏழு வாங்கிவிடுங்கள். மொத்தமாக வாங்கத் தகுந்த நேரம் அதுதான். விலையைக் கணக்குப் போடும்போது பக்கத்தையும் தாளையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 200 பக்கம் என்றால் 100 தாள். சில நோட்டுகளில் அட்டையின் உட்புறம், பொருளடக்கம் எல்லாம் அந்த எண்ணிக்கையில் சேர்ந்திருக்கும். பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

நோட்டு வரிசையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதும் தவறுதான். மாணவர்களின் ரெக்கார்ட் நோட்டு, கணக்கு எழுதும் லெட்ஜர் இரண்டும் மையால் எழுதுவதை மனதில் வைத்து வளர்ந்தவை. என் கைக்கு வந்தவற்றில் முக்கால்வாசி ஏமாற்றவில்லை. ரெக்கார்டில் ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வெள்ளை. படம் போடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். பிப்ரவரியில் பாதி விலைக்குத் தள்ளுகிற டைரிகளையும் புரட்டிப் பாருங்கள். தேதியைச் சகித்துக்கொண்டால், நல்ல தாள் சில சமயம் மாட்டும். சென்னைக்காரர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்கே போகலாம். கடை கடையாகக் காகிதம்தான். மாதிரித் தாள் ஒன்று கேட்டு வாங்கி, எழுதிப் பார்த்து, பிடித்ததை வெட்டித் தைத்து வாங்கிக்கொள்ளலாம். நகல் எடுக்கிற ஏ4 தாளைத் தைக்க நினைத்தால் அதையும் முதலில் எழுதிப் பாருங்கள். அது இயந்திரத்துக்காகச் செய்தது, மைப்பேனாவை நினைத்துச் செய்ததல்ல.

அந்த ஜூன் மாத டஜனில் எனக்கென்று வைத்துக்கொண்ட முதல் நோட்டு இன்னும் மேஜையில்தான் இருக்கிறது. தாளை நாலாகக் கிழித்து ஒற்றுத்தாளாக வைத்திருக்கிறேன். நல்ல நோட்டில் எழுதிவிட்டு மேலே வைத்து ஒரு அழுத்து அழுத்தினால், ஈரம் மொத்தத்தையும் குடித்துவிடுகிறது.